சிக்னல் மாமாவின் கடைசி வசனம்

ஏப்ரல் 15, திங்கள்

மெடிக்கல் ஷாப்காரர் ஜனவரியில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. மூன்றரை மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் ஆரோக்கியக் குறிப்பு அச்சிட்டிருக்கிறார்கள். இன்றைய குறிப்பு: மனதில் உள்ளதை எழுதி வைத்தால் ரத்த அழுத்தம் குறையும். சரி, குறைத்துப் பார்ப்போம்.

பெயர் மணிவாசகம். வயது நாற்பத்தொன்று. வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது தொழில். யாரோ யாரிடமோ சொன்னதை, வாயசைவுக்குப் பொருந்துகிற மாதிரி வேறொன்றாக மாற்றிச் சொல்ல வைக்க வேண்டும். 'லிப் உட்கார வேண்டும்' என்பார்கள் டப்பிங் தியேட்டரில். திரையில் அவன் உதட்டை மூடும்போது என் வார்த்தையிலும் உதடு மூட வேண்டும். அர்த்தம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பதினாறு வருடமாக எழுதுகிறேன். திரையில் என் பெயர் வருவதற்குள் எல்லோரும் பார்க்கிங்குக்குப் போய்விடுவார்கள்.

இன்று புதுப் படம் வந்தது. கார்ட்டூன். விநியோகஸ்தர் ஆபீஸ் சேவியர் போனில் விளக்கினான். "கிட்ஸ் படம் சார். ஜாலியா இருக்கும். உலகம் மட்டும் அழிஞ்சிடும், மத்தபடி ஒன்னும் இல்ல."

நித்திலாவுக்கு இன்று முதல் லீவு. நாலாம் வகுப்பை முடித்துவிட்டாள். கோகிலா கோயம்புத்தூரில் பேங்க் பயிற்சியில் இருக்கிறாள். ஆகவே சாலிகிராமம் வீட்டில் நானும் மகளும்தான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

படத்தைப் பார்த்தேன். நித்திலாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "உலகம் அழியறத நீ தனியாவா பாக்கப் போற?" என்று கேட்டாள்.

கதை இதுதான். புழுதி மூடி உலகம் அழிகிறது. எல்லோரும் கப்பலேறிப் போகிறார்கள். தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று குழந்தையை நாற்சந்தியில் உட்கார வைத்துவிட்டுப் போன அம்மாவைக் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. கப்பல் கிளம்பிவிடுகிறது. அந்த நாற்சந்தியில் ஒரு டிராஃபிக் சிக்னல். சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்று விளக்கு, அடியில் ஒற்றைச் சக்கரம், தலையில் சூரியத் தகடு. அது அந்தக் குழந்தையை வளர்க்கிறது.

நான்காவது நிமிடத்தில் அம்மா காலி. அப்பா என்று ஒருவர் இருந்ததாகவே தெரியவில்லை. கார்ட்டூன் எடுப்பவர்களுக்குப் பெற்றோர் மேல் என்னதான் கோபமோ, கதை தொடங்கும்போதே ஒழித்துக் கட்டிவிடுகிறார்கள். நித்திலாவைப் பார்த்தேன், அழுவாளோ என்று.

"அந்தப் பாப்பா பாத்ரூம் எங்க போவா?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 18, வியாழன்

தொழில் ரீதியாக ஒரு நல்ல செய்தி: சிக்னலுக்கு வாய் கிடையாது. பேசும்போது விளக்கு மினுக்கும், அவ்வளவுதான். லிப் பிரச்சினையே இல்லை, என்ன எழுதினாலும் உட்காரும். என்னைப் போன்றவனுக்கு இது லாட்டரி.

அந்தப் பெண் குழந்தைக்குப் 'பீப்பி' என்று பெயர். சிக்னலுக்கு வெறும் எண்தான். "நம்ம ஊர் டச் வேணும் சார், சிக்னல் மாமான்னு வெச்சிருங்க" என்றான் சேவியர். வைத்தாயிற்று.

கோகிலா சாயங்காலம் போன் செய்தாள். நித்திலாவிடம் அரை மணி நேரம், என்னிடம் அரை நிமிடம்.

"சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"எப்ப சொல்றதா இருக்கீங்க?"

"படம் ஒன்னு வந்திருக்கு. கொஞ்சம் டைட்."

ஏப்ரல் 19, வெள்ளி

குக்கர் வைத்தேன். எட்டு விசில். நித்திலா அதற்குக் கூழ் என்று பெயர் வைத்தாள்.

ஏப்ரல் 22, திங்கள்

படத்தின் பாதிப்பு ஆரம்பித்துவிட்டது. நித்திலா ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறாள். திடீரென்று வந்து நிற்கிறாள்.

"அப்பா, உலகம் அழிஞ்சிடுச்சு. நீ மட்டும்தான் இருக்க. அரிசி எத்தன டம்ளர்?"

"ரெண்டு."

"தப்பு. நீ மட்டும்தான இருக்க? ஒரு டம்ளர் போதும்."

"சரி."

"வாஷிங் மெஷின்ல கலர் துணிக்கு எந்தப் பக்கம் திருப்பணும்?"

உலகம் அழிந்த பிறகு கரண்ட் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். தப்பான பதில் என்று சொல்லிவிட்டாள். குழந்தைகளின் மனதை இந்தப் படங்கள் எவ்வளவு பாதிக்கின்றன என்பது பற்றி யாராவது கட்டுரை எழுத வேண்டும்.

ஏப்ரல் 24, புதன்

ரத்த அழுத்தம் குறைகிற மாதிரி தெரியவில்லை. டைரியில் அச்சிட்ட குறிப்பை ஒழுங்காகப் பின்பற்றாததுதான் காரணம். மனதில் உள்ளதை எழுதச் சொன்னார்கள், நான் இங்கேயும் வசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கோகிலா பயிற்சிக்குப் போகவில்லை. பதவி உயர்வில் மாற்றலாகிப் போயிருக்கிறாள். திரும்பி வர மாட்டாள். இரண்டு பேரும் சேர்ந்தே குடும்ப நல கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறோம். பெரிய சண்டை எதுவும் இல்லை. சண்டை போடுவதற்கும் ஓர் அக்கறை வேண்டுமே, அது இரண்டு பேருக்குமே தீர்ந்துபோயிருந்தது. நித்திலா இந்தப் படிப்பாண்டை இங்கே முடித்துவிட்டு, ஜூனில் அம்மாவோடு கோயம்புத்தூர் பள்ளியில் சேருவாள். லீவுக்கு என்னிடம் வருவாள். அவளிடம் யார் சொல்வது என்று பேச்சு வந்தபோது நானே வீராப்பாகச் சொன்னேன்: "வசனம் எழுதறது என் தொழில். நான் சொல்லிக்கறேன்." அதுவரை தானும் பயிற்சி என்றே சொல்லித் தொலைப்பதாகக் கோகிலா ஒப்புக்கொண்டாள். அது பிப்ரவரி. ஜூன் முதல் தேதி ரயில். டிக்கெட் போட்டாயிற்று.

ஏப்ரல் 27, சனி

சேவியர் பாதிப் படத்துக்கான வசனத்தைப் படித்துவிட்டுக் கூப்பிட்டான்.

"சார், இடைவேளைக்கு முன்னாடி பாப்பா கேக்குது, 'அம்மா எப்ப வருவாங்க?'ன்னு. அதுக்கு சிக்னல் மாமா 'வர மாட்டாங்க'ங்கறாரு."

"ஒரிஜினல்ல அப்படித்தான் இருக்கு."

"ஃபேமிலி ஆடியன்ஸ் சார். குழந்தைங்க அழுதா அம்மாங்க ரெண்டாவது தடவ கூட்டிட்டு வர மாட்டாங்க. 'வந்துக்கிட்டே இருக்காங்க'ன்னு வெச்சிருங்க. வாய்தான் இல்லையே?"

வாய்தான் இல்லையே. மாற்றிவிட்டேன். கனகச்சிதமாக உட்கார்ந்தது.

ஏப்ரல் 29, திங்கள்

உட்காரவில்லை. அந்த வசனம் உட்கார்ந்தது, அதற்கப்புறம் படம்தான் எழுந்து நின்றுவிட்டது.

அம்மா வந்துகொண்டே இருக்கிறாள் என்றால் அடுத்த காட்சியில் பீப்பி ஏன் அழுகிறாள்? 'சந்தோஷத்துல அழறேன் மாமா' என்று எழுதினேன். சந்தோஷத்தில் அழுகிறவள் அதற்கடுத்த காட்சியில் தகர டப்பாவில் செய்த அம்மா பொம்மையை ஏன் மண்ணில் புதைக்கிறாள்? 'அம்மா வர்ற வரைக்கும் பத்திரமா இருக்கட்டும்.' பிறகு ஏன் அதன்மேல் பூ வைக்கிறாள்? அடையாளத்துக்கு. இப்படியே போய் ஒரு பொய்யை உட்கார வைக்கப் பதினோரு வசனம் மாற்ற வேண்டியதாயிற்று.

மதியம் நித்திலா கேட்டாள்: "அப்பா, பேங்க் பயிற்சிக்கு அம்மா எதுக்கு மிக்சிய எடுத்துட்டுப் போனாங்க?"

"அங்க ஹாஸ்டல்ல சாப்பாடு சரியில்ல. சட்னி அரைக்கணும்ல."

"ஹாஸ்டல்ல மிக்சி அலவுடா?"

"ஆபீசர்ஸ் ஹாஸ்டல்."

"பீரோ?"

பன்னிரண்டாவது வசனம் எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் லாரி வந்த மாதிரி சத்தம் கேட்கிறது என்று குடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். லாரி வரவில்லை. பத்து நிமிடம் தெருவில் நின்றுவிட்டு வந்தேன்.

மே 3, வெள்ளி

நித்திலா சோம்பேறியாகிவிட்டாள். முன்பெல்லாம் லாரி ஹாரன் கேட்டதும் முதல் ஆளாக ஓடிக் குடத்தை வரிசையில் வைப்பவள், இப்போது பால்கனியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "நீயே போப்பா, வரிசைல யார் பின்னாடின்னு பாத்து வெச்சுக்க" என்கிறாள். கேஸ் புக் பண்ண என்னையே போன் செய்ய வைத்தாள். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று என்னை ஒப்பிக்கச் சொன்னாள். லீவு விட்டால் பிள்ளைகள் இப்படித்தான்.

மே 8, புதன்

கடைசிக் காட்சியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

பீப்பிக்கு ஒன்பது வயதாகும்போது கொஞ்சம் மனிதர்கள் நடந்து வருகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்கிறதாம், அங்கே போகிறார்கள். பீப்பியையும் கூப்பிடுகிறார்கள். சிக்னல் மாமாவால் மலையேற முடியாது, சக்கரம் ஒன்றுதானே. பீப்பி அழுதுகொண்டே திரும்பிப் பார்த்துக் கேட்கிறாள்: "நீ என்ன பண்ணுவ?"

பதினான்கு விநாடி அமைதி. பிறகு சிக்னல் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறது. "டிராஃபிக்." பச்சை விளக்கு எரிகிறது. அவள் போகிறாள். படம் முடிகிறது.

இதை எப்படி எழுதுவது? ஆள் நடமாட்டமே இல்லாத ஊரில் என்ன டிராஃபிக்? தியேட்டரில் சிரிப்பார்கள். சேவியரும் அதையேதான் சொன்னான். "பதினாலு செகண்ட் இருக்கு சார், வாயும் இல்ல. பெரிய பஞ்ச் ஒன்னு போடுங்க. விசில் பறக்கணும்."

'போ மகளே போ! இனி இந்தப் பூமியே உன் பாதை!' என்று எழுதிக் கொடுத்தேன். சேவியருக்குப் புல்லரித்ததாம்.

நித்திலாவிடம் படித்துக் காட்டினேன். "சிக்னல் மாமா இப்படியெல்லாம் பேச மாட்டாரு" என்று சொல்லிவிட்டு ஷார்ப்பனர் தேடப் போய்விட்டாள். லீவில் பென்சிலும் ஷார்ப்பனருமாக என்ன எழுதுகிறாள் என்று கேட்டால், ஹோம்வொர்க் என்கிறாள். நாலாம் வகுப்புக்கு ஹோம்வொர்க் கொடுக்கிற பள்ளிக்கூடத்தை என்ன சொல்வது.

மே 15, புதன்

ரெக்கார்டிங். வீட்டில் விட ஆளில்லாததால் நித்திலாவையும் கூட்டிப்போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சிக்னல் மாமாவுக்குக் குரல் கலியபெருமாள் அண்ணன். முப்பது வருடமாக டப்பிங் பேசுகிறார். வில்லனின் அடியாள்தான் எப்போதும். 'பாஸ், போலீஸ் வந்துடுச்சு' என்பதை முன்னூறு படத்திலாவது சொல்லியிருப்பார். முதல் தடவையாகப் படம் முழுக்க வரும் வேஷம். அதற்காகச் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

'வந்துக்கிட்டே இருக்காங்க' வந்தபோது நிறுத்தினார்.

"தம்பி, இவரு பொய் சொல்றாரா, நெஜமா சொல்றாரா? குரல் மாத்தணும்ல."

"பொய்தாண்ணே. ஆனா நெஜம் மாதிரி சொல்லணும்."

"யாருக்கு நெஜம் மாதிரி? அந்தப் பாப்பாவுக்கா, இவருக்கேவா?"

டீ இடைவேளை விடச் சொன்னேன்.

வரும் வழியில் ஆட்டோவில் நித்திலா சொன்னாள், "அந்தப் பொய் சொல்றப்ப சிக்னல் மாமா குரல் உன்ன மாதிரியே இருக்குப்பா." எனக்கும் நல்ல குரல்தான் என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

மே 16, வியாழன்

இன்றைய ஆரோக்கியக் குறிப்பு: நன்றாக மென்று சாப்பிடவும்.

மே 22, புதன்

கோகிலாவிடமிருந்து காலையிலேயே போன். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இன்னும் பத்து நாள்தான் இருக்கு. யூனிஃபார்ம் அளவு கேக்கறாங்க. அவகிட்ட என்னன்னு சொல்லி அளவெடுக்கறது? உங்களால முடியலன்னா சொல்லிடுங்க, நான் சொல்லிடறேன்."

"இல்ல, நானே சொல்றேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான்..."

"உங்களுக்கு ஆரம்பிக்கறதுதான் எப்பவுமே பிரச்சன."

போனை வைத்த பிறகு அதற்கு நல்ல பதிலாக நாலு தோன்றியது. எல்லாமே லிப் உட்காருகிற பதில்கள்.

சாயங்காலம் நித்திலா அளவு டேப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். "எவ்ளோ வளந்திருக்கேன்னு பாரேன்." அளந்தேன். கேட்காமலே தோள்பட்டை, இடுப்பு, உயரம் எல்லாம் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னாள். நல்ல தற்செயல். அப்படியே கோகிலாவுக்கு அனுப்பிவிட்டேன்.

மே 29, புதன்

சொல்லிவிட்டேன்.

ஐந்து டிராஃப்ட் எழுதியிருந்தேன். முதலாவது உணர்ச்சிகரமானது, இரண்டாவது நகைச்சுவை, மூன்றாவதில் சிக்னல் மாமா வருவார். கடைசியில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஐஸ்க்ரீம் கிண்ணத்தை அவள் முன் வைத்துவிட்டு, "அம்மா இனிமே கோயம்புத்தூர்லதான் இருப்பாங்க. நீயும் அங்கதான் படிக்கப் போற. நான் இங்க இருப்பேன்" என்றேன். மூன்று வாக்கியம். நான்கு மாதம் தள்ளிப்போட்டது இந்த மூன்று வாக்கியத்தைத்தான்.

நித்திலா கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சரி. எத்தன மணிக்கு டிரெயின்?"

"மத்தியானம் ரெண்டரை."

"உனக்கு ஐஸ்க்ரீம் வேணாமா?"

அவ்வளவுதான். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. மிக நேர்த்தியாகக் கையாண்டுவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு இதெல்லாம் பெரிதாகப் புரிவதில்லை, நல்லவேளை. ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கொஞ்சமாவது அழுவாள் என்று நினைத்திருந்தேன். தேற்றுவதற்குத் தனியாக ஒரு டிராஃப்ட் வைத்திருந்தேன்.

ஜூன் 1, சனி

கோகிலா காலையில் வந்தாள். இளைத்திருக்கிறாள். சமையலறையைப் பார்த்துவிட்டு, "பரவால்லயே, ஒழுங்கா வெச்சிருக்கீங்களே" என்றாள். நான் வைக்கவில்லை, நித்திலா என்னை வைக்க வைத்தாள் என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை.

சென்ட்ரலில் ஜன்னலோர சீட். கம்பிக்கு உள்ளே அவள், வெளியே நான். கோகிலா தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினாள். வேண்டுமென்றேதான் இறங்கியிருப்பாள், பையில் இரண்டு பாட்டில் இருந்ததை நான் பார்த்தேன்.

நித்திலா கேட்டாள்: "நீ என்னப்பா பண்ணுவ?"

"எனக்கென்ன. தலைக்கு மேல வேல கெடக்கு."

வேலை எதுவும் கிடையாது. படம் முடிந்துவிட்டது, அடுத்த படம் இன்னும் வரவில்லை.

ரயில் கிளம்பும்போது சிக்னலில் பச்சை எரிந்தது. அதைப் பார்த்து நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். போர்ட்டர் ஒருவர் தள்ளி நிற்கச் சொன்னார்.

ஜூன் 2, ஞாயிறு

இந்தப் பக்கத்தில் எழுதலாம் என்று திறந்தால், ஏற்கனவே எழுதியிருக்கிறது. பென்சிலில். நித்திலாவின் கையெழுத்து.

'அப்பா, இன்னைக்கு நீ அழுவ. பரவால்ல. அழுதுட்டு குக்கர் வை. ஒரு டம்ளர் அரிசி, ரெண்டு டம்ளர் தண்ணி. மூணு விசில். விசில எண்ணு, போன் பாக்காத.'

அழவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன்.

அழுதேன். பிறகு குக்கர் வைத்தேன். மூன்று விசில். சாதம் பொலபொலவென்று வந்தது.

அடுத்த பக்கத்திலும் பென்சில் எழுத்தின் தடம் தெரிகிறது. புரட்டவில்லை. நாளைக்கு என்று ஒன்று வேண்டாமா.

ஜூன் 3, திங்கள்

'பால்காரர்கிட்ட அரை லிட்டர் போதும்னு சொல்லிடு. இல்லன்னா திரிஞ்சிடும்.

ஏப்ரல் 24 பக்கத்த நான் படிச்சேன். டைரிய நீ ஃப்ரிட்ஜ் மேலயே வெச்சிருந்த. ஸாரி. ஆனா அதுக்கு முன்னாடியே தெரியும். மிக்சி போனப்பவே. நீ சொல்லக் கஷ்டப்பட்ட, அதான் நானும் கேக்கல.

சிக்னல் மாமா சொல்ற பொய்ய மாத்திடுப்பா. பீப்பிக்குத் தெரியும். மாமா பாவம்னுதான் அவ நம்பற மாதிரி நடிக்கிறா.'

அரிசி, சாவி, கேஸ், லாரி. லீவு முழுக்க அவள் சோம்பேறியாகிவிட்டாள் என்று எழுதியிருக்கிறேன். மே 3ஆம் தேதிப் பக்கத்தில் இப்போதும் இருக்கிறது, நீல மையில். அடிக்கப் போவதில்லை. அப்படியே இருந்து என் மானத்தை வாங்கட்டும்.

கோயம்புத்தூரில் யாரும் எந்தப் பயிற்சியிலும் இருக்கவில்லை. பயிற்சி நடந்ததெல்லாம் இந்த வீட்டில்தான், மாணவன் நான்.

சேவியருக்குப் போன் செய்து நாளைக்கு டப்பிங் தியேட்டர் போடச் சொன்னேன். "சவுண்ட் மிக்சிங்குக்குப் போகப் போவுது சார்!" என்று அலறினான். மிக்சி, மிக்சிங் எதைக் கேட்டாலும் இப்போது எனக்கு அந்தப் பீரோவும் ஞாபகம் வருகிறது.

ஜூன் 4, செவ்வாய்

இன்றைய பென்சில்: 'லாரி வரும். பக்கத்து வீட்டு ஆண்ட்டிக்கும் ரெண்டு குடம் பிடிச்சுக் குடு, அவங்களுக்கு முட்டி வலி.' பிடித்துக் கொடுத்துவிட்டுத் தியேட்டருக்குப் போனேன்.

சேவியர் வாசலிலேயே மறித்தான். "சார், 'வர மாட்டாங்க'ன்னு சொன்னா குழந்தைங்க தாங்குமா?"

"குழந்தைங்க தாங்கும். நமக்குத்தான் தாங்கல."

"கிளைமாக்ஸ் பஞ்சாவது இருக்கட்டும் சார். 'போ மகளே போ'. எம்டிக்கே போட்டுக் காட்டிட்டேன்."

"அதுவும் போச்சு."

அந்தப் பொய்யையும் அதை உட்கார வைத்த பதினோரு வசனத்தையும் பழையபடி மாற்றினோம். பீப்பிக்குப் பேசிய பெண்ணும் வந்து மறுபடி பேசிவிட்டுப் போனாள். கலியபெருமாள் அண்ணன் 'வர மாட்டாங்க' என்பதை ஒரே டேக்கில் சொன்னார். பொய்யா நிஜமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

பிறகு கடைசிக் காட்சி. பேப்பரை வாங்கிப் படித்தார். "நீ போ. எனக்கு இங்க டிராஃபிக் ஜாஸ்தி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, இதுவும் பொய்தான?"

"ஆமாண்ணே."

"இது இருக்கட்டுமா?"

"இது இருக்கட்டும்ணே. இந்த ஒன்னு மட்டும்."

ஜூன் 9, ஞாயிறு

'துணி துவைக்கற நாள். என்னோட பழைய யூனிஃபார்ம் ஒன்னு கூடையில இருக்கும். அத துவைக்க வேணாம், தரை துடைக்க வெச்சுக்க.'

துவைத்தேன். மடித்து அலமாரியில் வைத்தேன். தரை துடைக்கப் பழைய பனியன் இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

படம் ரிலீஸ். வடபழனியில் சாயங்காலக் காட்சிக்குப் போனேன். என்னைத் தவிர எல்லோரும் குழந்தையோடு வந்திருந்தார்கள். குழந்தை இல்லாமல் கார்ட்டூன் பார்க்க வந்தவனை டிக்கெட் கிழிப்பவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

'வர மாட்டாங்க' வந்தபோது எந்தக் குழந்தையும் அலறவில்லை. பின்வரிசையில் ஓர் அப்பா மட்டும் பலமாக மூக்கைச் சிந்தினார்.

கடைசிக் காட்சி. 'நீ போ. எனக்கு இங்க டிராஃபிக் ஜாஸ்தி.' யாரும் விசிலடிக்கவில்லை. பக்கத்து சீட் பெண் குழந்தை அம்மாவிடம் கேட்டது, "அங்கதான் வண்டியே இல்லயே, ஏன் அப்படிச் சொல்லுது?" அந்த அம்மா குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் பெயர் வருவதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் போன். நித்திலா. கோயம்புத்தூரில் அவளும் அம்மாவும் அதே காட்சிக்குப் போயிருக்கிறார்கள்.

"அப்பா."

"ம்."

"அங்க டிராஃபிக் ஜாஸ்தியா?"

ஆற்காடு சாலையில் நிஜமாகவே ஜாஸ்தியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை.

"ஜாஸ்திதான்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அழ ஆரம்பித்தாள். மே 29ஆம் தேதி நான் எதிர்பார்த்த அழுகை, இரண்டு வாரம் தாமதமாக, ஐநூறு கிலோமீட்டர் தாண்டி வந்தது. தேற்றுவதற்கு வைத்திருந்த டிராஃப்டில் ஒரு வரிகூட நினைவில்லை. "அழு. நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். அழுது முடிக்கும் வரை பஸ் ஸ்டாப் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். சிக்னல் மாமாவைப் போல எனக்கும் வாய் இல்லை என்று நினைத்துக்கொண்டேன், பதற்றமாக இல்லை.

கடைசியில் கேட்டாள். "குக்கர் வெச்சியா?"

"இல்ல. இப்பதான் போய் வெக்கணும்."

"நெஜம் சொல்லிட்டியே" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்தேன். இன்றைய பென்சில் ஒரே வரிதான்.

'இதுக்கப்புறம் நீயே எழுது.'

ஜூன் 15, சனி

லாரி வந்தது. ஹாரன் கேட்டதும் ஓடினேன். எனக்கு மூன்று குடம், ஆண்ட்டிக்கு இரண்டு.